நாமக்கோழியின் கால்விரல்: தாமே கற்று வரையும் குமரி மாவட்டத்து இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓவியப் பள்ளியின் வாசற்படியை மிதிக்காமல், எந்த ஆசிரியரிடமும் சீடராக அமராமல், பென்சிலையும் காகிதத்தையுமே துணையாகக் கொண்டு வனவிலங்குகளை வரைந்துவரும் குமரி மாவட்டத்துத் தம்பிமார்களுக்கும் தங்கைமார்களுக்கும் எழுதுகிறேன். வயதில் இளையவர்களையெல்லாம் "மக்களே" என்று அழைப்பது நம் நாஞ்சில் நாட்டுப் பெரியவர்களின் வழக்கம். அந்த உரிமையை இம்மடலில் நானும் இடையிடையே எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் எவரோடும் எனக்கு நேர்ப்பழக்கம் கிடையாது. உங்கள் படங்களோடுதான் பரிச்சயம். வடசேரியில் நான் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடையில், கல்லாவுக்குப் பின்னே சட்டமிட்டுத் தொங்கும் சிங்கம் உங்களில் ஒருவருடைய கைவேலை. என் பேரனின் கைப்பேசியில் நாள் தவறாமல் வந்து இறங்கும் புலிகளும் சிறுத்தைகளும் உங்களுடையவை. சென்ற ஆண்டு நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தில் நீங்கள் கூடிக் கண்காட்சி நடத்தியபோது, மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்த நான், மழை விட்ட பின்னும் வெளியேறத் தோன்றாமல், ஒரு பிற்பகல் முழுவதையும் அந்தச் சுவர்களுக்கு முன்னால் நின்றே கழித்தேன். மீசைமயிர் ஒவ்வொன்றும் முளைக்கும் இடத்திலுள்ள சிறு குழியையும் விட்டுவிடாத புலி ஒன்று அங்கே இருந்தது. கரிய பின்னணியில் அந்த மீசை எப்படி இவ்வளவு வெண்மையாக நிற்கிறது என்று வரைந்தவரைக் கேட்டேன். மை தீர்ந்த பேனாவின் முனையால் முன்கூட்டியே தாளில் கீறிவைத்து, அதன்மேல் 6பி பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் கீறல் மட்டும் வெள்ளையாகத் தங்கிவிடும் என்று, ஏதோ சமையல் பக்குவம் சொல்வதுபோல மிகச் சாதாரணமாகச் சொன்னார். அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை என்பதையும் கேட்டு அறிந்தேன். ஒரு படத்துக்கு நூறு மணி நேரம், நூற்றைம்பது மணி நேரம் செலவிடும் இந்தப் பொறுமையை, ஒரு நிமிஷத்தில் ஒன்பது விஷயங்களைத் தள்ளிவிட்டுப் போகும் இக்காலத்தில் காண்பது அபூர்வம். இதை முகஸ்துதியாகச் சொல்லவில்லை. பின்னால் நான் சொல்லப்போகும் குறைக்கு முன்னுரையாகவும் சொல்லவில்லை. உண்மை என்பதால் சொல்லுகிறேன்.

ஆயினும் குறை ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அன்று சுவர்களில் பாதிக்கு மேல் சிங்கமும் புலியும். எஞ்சியவற்றில் பனிச்சிறுத்தை ஒன்று, துருவக் கரடி ஒன்று, கழுகுகள் சில. யானை ஒன்றிருக்கக் கண்டு ஆவலோடு அருகில் போனேன். விசிறிபோல் விரிந்து தோளையே மறைக்கும் காது, இரட்டை மேடில்லாத நெற்றி. அதுவும் ஆப்பிரிக்காவின் யானை. பேச்சிப்பாறைக்கு மேலே, கோதையாற்றுப் பக்கத்தில், நம் மலைகளில் இன்றும் உலவுகிற யானை எந்தச் சுவரிலும் இல்லை. அந்த மண்டபத்திலிருந்து பேருந்தில் ஏறினால் இரண்டொரு சில்லறைக் காசுக்குள் சுசீந்திரம் குளம். நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே கூழைக்கடாக்கள் நீந்துகின்றன. பாம்புத்தாரா சிறகை விரித்து வெயிலில் உலர்த்துகிறது. தாமரை இலையின் மேல் இலைக்கோழி தன் நீண்ட விரல்களைப் பரப்பி நடக்கிறது. இவற்றுள் ஒன்றுக்குக்கூட உங்கள் சுவரில் இடம் கிடைக்கவில்லை. சிங்கம் வாழும் கிர் காட்டுக்கும் நாகர்கோவிலுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு, தேரூர்க் குளத்துக்கும் நாகர்கோவிலுக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்று எண்ணியபடியே வீட்டுக்கு நடந்தேன்.

இதைக் கேட்கும் அருகதை எனக்கு உண்டா என்று நீங்கள் வினவலாம். இல்லை. ஏன் இல்லையென்பதைச் சொல்லிவிட்டால், ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதும் விளங்கும்.

பல ஆண்டுகளுக்கு முன், நான் விலங்கியல் ஆசிரியனாக உத்தியோகம் பார்த்த காலத்தில், பள்ளி மாணவர்களுக்கான ஓவியப் போட்டி ஒன்றுக்கு மூன்று நடுவர்களில் ஒருவனாக என்னை அழைத்திருந்தார்கள். வனவிலங்குகள் என்பது தலைப்பு. நாட்காட்டியைப் பார்த்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கி, வெகு நேர்த்தியாக வரையப்பட்ட ஒரு புலிக்கு முதற்பரிசு என்பதில் எங்கள் மூவருக்கும் அபிப்பிராய பேதமே எழவில்லை. இரண்டாம் பரிசுக்காகத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, தேரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த எட்டாம் வகுப்புச் சிறுமியின் படம் கைக்கு வந்தது. முழுதும் முடியாத படம். கரிய, கொழுத்த ஒரு பறவை. நெற்றியில் திருநீறு இட்டாற்போல ஒரு வெண்மை. உடலுக்கு நிழல் தீட்டக்கூட அவளுக்கு நேரம் போதவில்லை. ஆனால் கரையில் நின்று தூக்கிய ஒற்றைக் காலை மட்டும் மிகுந்த சிரத்தையோடு வரைந்திருந்தாள். அந்தக் காலின் விரல்களில் இருபுறமும் இலை இலையாக ஏதோ தொங்கியது. "காலில் வெற்றிலை முளைத்திருக்கிறதே!" என்று உடனிருந்த நடுவர் ஒருவர் சிரித்தார். நானும் சிரித்தேன். நீர்ப்பறவையின் விரல்களுக்கு இடையே சவ்வு இருக்கும் என்பதைத் தாராவின் காலை உதாரணமாகக் கரும்பலகையில் வரைந்துகாட்டி ஆண்டுதோறும் போதித்துவந்தவன் நான். ஆகவே சிறுமிக்குச் சவ்வு வரையத் தெரியவில்லை என்று, என் பட்டத்தின் பலத்தில், தீர்ப்புச் சொல்லி அந்தத் தாளை ஒதுக்கினேன்.

ஓய்வு பெற்ற பின், வைத்தியரின் ஆக்ஞைப்படி காலையில் நடக்கத் தொடங்கியவன், ஒரு தை மாதத்தில் தேரூர்க் குளத்துக் கரைமேல், இரவல் வாங்கிய தொலைநோக்கியோடு நின்றேன். நாமக்கோழி ஒன்று நீரைவிட்டுக் கரையேறியது. நெற்றியில் அதே வெண்மை. அது காலைத் தூக்கியது. விரலின் ஒவ்வொரு கணுவுக்கும் ஒவ்வொரு மடல். கால் முன்னே வரும்போது அம்மடல்கள் பின்னோக்கிச் சுருங்கிப் படிகின்றன, நீரைப் பின்னுக்கு உந்தும்போது விரிந்து துடுப்பாகின்றன. தாராவுக்குள்ள சவ்வு இதற்குக் கிடையாது. முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்த எனக்கு இது தெரியவில்லை. குளத்தங்கரையில் மாடு மேய்த்தோ, துணி துவைத்தோ, சும்மா உட்கார்ந்தோ அந்தச் சிறுமி இதைப் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறாள். கண்டது மட்டுமா? நேரம் போதாத நெருக்கடியில் எதை விட்டாலும் விடலாம், இந்த விரலை விடக்கூடாது என்ற விவேகமும் அவளுக்கு இருந்திருக்கிறது. அவள் பெயரை நான் குறித்துவைக்கவில்லை. அவள் பிறகு பென்சிலைத் தொட்டாளா என்பதும் எனக்குத் தெரியாது.

மக்களே, நான் உங்களிடம் பேசும் விஷயம் இந்த விரல்தான்.

புகைப்படத்தைப் பார்த்து வரைவதை நான் இழிவாகக் கருதுபவன் என்று எண்ணிவிடாதீர்கள். ஆசிரியர் இல்லாதவனுக்கு அச்சிட்ட படமே ஆசிரியர். கட்டம் போட்டுக் கட்டம் கட்டமாகப் பெயர்த்து வரைவதால் கை பழகுகிறது, கண்ணுக்கு அளவு பிடிபடுகிறது, ஒளியும் நிழலும் எப்படி ஒன்றுக்குள் ஒன்று கரைகின்றன என்பது விளங்குகிறது. அதுவரை அது நல்ல குரு. அப்புறமும் அதையே பற்றிக்கொண்டிருப்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது. புகைப்படம் ஓர் இமைப்பொழுதைப் பிடித்து உங்கள் கையில் தருகிறது. அந்த இமைப்பொழுதுக்கு முன்னும் பின்னும் அந்தப் பிராணி என்ன செய்தது என்பதை அது சொல்லாது. எங்கோ ஒருவர் வெயிலில் காத்துக்கிடந்து எடுத்த படத்தில், பார்க்க வேண்டியதையெல்லாம் அவரே பார்த்து முடித்துவிட்டார். எந்தக் கோணம், எந்த ஒளி, எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஓவியனுக்குரிய தீர்மானங்கள் அனைத்தையும் அவரே செய்துவிட்டார். உங்களுக்கு மிஞ்சுவது மயிர் எண்ணும் வேலை. அந்த வேலையை உங்களைப்போல் பொறுமையாகச் செய்பவர் அரிது என்பதுதான் என் வருத்தத்தை அதிகமாக்குகிறது.

தன் கண்ணால் காணாததை எவ்வளவு பெரிய கை வரைந்தாலும் என்ன நேரும் என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு சாட்சி உண்டு. 1515ஆம் ஆண்டு, குஜராத் சுல்தான் அன்பளிப்பாகத் தந்த இந்தியக் காண்டாமிருகம் ஒன்று கப்பலில் லிஸ்பன் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. அதைப் பற்றிய ஒரு வருணனையும் கைச்சித்திரமும் ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரிலிருந்த ஆல்பிரெக்ட் டியூரருக்குக் கிடைத்தன. அவர் சாமானிய ஓவியரல்லர். 1502இல் தம் கண்முன்னே கண்ட ஒரு முயலை மயிர்மயிராக அவர் தீட்டிய படம் இன்றளவும் உலகம் வியக்கும் வேலை. அதே கையால், தாம் ஒருபோதும் காணாத காண்டாமிருகத்தையும் அவர் வரைந்து மரக்கட்டையில் அச்சிட்டார். தோல் மடிப்புகள் கவசத் தகடுகளாயின. கால்களில் செதில்கள் முளைத்தன. பிடரிக்குக் கீழே இல்லாத ஒரு சிறு கொம்பும் எழுந்தது. படம் அத்தனை நுணுக்கமாக இருந்ததால் எல்லோரும் அதை நம்பினார்கள். இரண்டு நூற்றாண்டுக் காலம் ஐரோப்பியப் புத்தகங்களில் காண்டாமிருகம் அந்தப் பொய்க்கொம்போடுதான் உலவிற்று. பரிதாபத்துக்குரிய அந்த மிருகமோ மறு ஆண்டே இத்தாலிக்குப் போகும் வழியில் கப்பலோடு கடலில் மூழ்கிவிட்டது. நேரில் ஒருமுறை பார்த்துத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை.

நம் சுசீந்திரத்துத் தூண்களில் யாளியைச் செதுக்கிய சிற்பியும் காணாததைத்தானே செய்தான் என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஆனால் அவன் யாளியைச் சிங்கமென்று சொல்லி விற்கவில்லை. கற்பனையென்று தெரிந்தே, துதிக்கையும் கோரைப்பல்லும் சேர்த்து, ஒரு குதூகலத்தோடு செய்தான். நீங்களும் யாளி வரையுங்கள், எனக்குப் பரம சந்தோஷம்.

உங்களுக்கு வழிகாட்டி என்று ஒருவரைக் கைகாட்ட வேண்டுமானால், நான் வெளிநாடு போகமாட்டேன். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் போதும். திருநெல்வேலியில் 1912ஆம் ஆண்டு பிறந்த மா. கிருஷ்ணனை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தவர். தாவரவியல் படித்தார், சட்டமும் படித்தார். ஓவியத்துக்கென்று எந்தப் பள்ளியிலும் சேர்ந்து பட்டம் பெறவில்லை. பெல்லாரிக்கு அருகிலிருந்த சந்தூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி, மன்னரின் அரசியல் செயலர் என்று பல உத்தியோகங்களில் எட்டாண்டு கழித்தார். அந்தச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பின் சென்னைக்குத் திரும்பி, பேனாவையும் தூரிகையையும் காமிராவையும் நம்பியே வாழ்வது என்று துணிந்தார். 1950இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இருவாரத்துக்கு ஒருமுறை எழுதத் தொடங்கிய இயற்கைக் குறிப்புகளை, 1996 பிப்ரவரியில் காலமாகும் வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் இடைவிடாமல் எழுதினார். அக்குறிப்புகளுக்குரிய படங்களையும் தாமே வரைந்தார்.

அவர் பென்சிலைக் காட்டிலும் மையையும் தூரிகையையுமே மிகுதியாகக் கையாண்டவர். ஆகவே உங்கள் சாதனத்துக்கு அவரை நேர் உதாரணமாகக் காட்ட முடியாது. நான் காட்டுவது வேறு. அவர் இந்தியாவின் தலைசிறந்த வனவிலங்குப் புகைப்படக்காரர்களில் ஒருவர்; கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார்; தாமே பாகங்களைச் சேர்த்து அமைத்துக்கொண்ட பெரிய காமிராவோடு காட்டுயானைகளை நடந்துபோய்ப் படம் பிடித்தார். அப்படிப்பட்டவர் ஏன் உட்கார்ந்து அணிலையும் மைனாவையும் கையால் வரைந்துகொண்டிருக்க வேண்டும்? ஒரு பொத்தானை அழுத்தினால் தீர்ந்துவிடும் காரியமல்லவா? இந்தக் கேள்வியை வெகுகாலம் யோசித்திருக்கிறேன். காமிராவுக்கு எது கிடைத்ததோ அதைப் புகைப்படம் தரும்; அவர் பல ஆண்டுகளாகப் பார்த்துத் தெரிந்துகொண்டது எதுவோ அதைச் சித்திரம் தரும். பத்திரிகையின் அந்தச் சின்னஞ்சிறு கறுப்புப் படங்களில் ஓர் இறகையும் அவர் எண்ணி வரையவில்லை. ஆனால் பறவை உட்காரும் விதத்தைப் பார்த்தே, பெயரைப் படிக்காமல், இன்ன பறவை என்று சொல்லிவிடலாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். அவர் எழுதியதும் வரைந்ததும் பெரும்பாலும் புலியைப் பற்றி அல்ல. காகம், அணில், பல்லி, கீரி, நாட்டு ஆடு, வேட்டை நாய், வீட்டுத் தோட்டத்துக்கு வரும் சிட்டு: இவையே அவருடைய பாத்திரங்கள். அயல்நாட்டுப் பூச்செடிகளைக் கொண்டுவந்து நம் நிலத்தில் நடுவதைக் கண்டாலே அவருக்குக் கோபம் வரும். தொலைதூரத்துச் சிங்கங்களால் நிரம்பிய உங்கள் சுவர்களைக் கண்டால் என்ன சொல்லியிருப்பாரோ, நான் ஊகித்துச் சொல்லத் துணியவில்லை. அவருடைய தமிழ்க் கட்டுரைகள், தியடோர் பாஸ்கரன் தொகுத்த மழைக்காலமும் குயிலோசையும் என்ற நூலிலும், பெருமாள்முருகன் தொகுத்த பறவைகளும் வேடந்தாங்கலும் என்ற நூலிலும் கிடைக்கின்றன. இரண்டையும் வாங்க ஆகும் செலவு, உங்கள் பென்சில் பெட்டி ஒன்றின் விலையைவிட அதிகமாகாது.

சென்னையிலேயே இன்னும் பழைய உதாரணமும் உண்டு. நீதிபதி ஒருவரின் மனைவியாக 1801இல் அங்கு வந்திறங்கிய எலிசபெத் க்வில்லிம் என்ற ஆங்கிலப் பெண்மணி, 1807இல் அங்கேயே மறையும் வரை, அந்நகரைச் சுற்றியிருந்த பறவைகளை உயிரோடு எதிரில் வைத்துக்கொண்டு வண்ணத்தில் வரைந்தார். அவருடைய நூற்றுக்கு மேற்பட்ட பறவைப் படங்கள், எவருடைய கவனத்திலும் இல்லாமல் கிடந்து, 1924இல் லண்டனில் கண்டெடுக்கப்பட்டு, இன்று கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. இருநூறு ஆண்டுக்கு முன் சென்னையில் எந்தெந்தப் பறவைகள் இருந்தன என்று அறிய விரும்புவோருக்கு அவை சாசனம். இருநூறு ஆண்டுக்குப் பின் ஒருவர் வந்து, இந்த நாஞ்சில் நாட்டுக் குளங்களில் என்ன இருந்தது என்று கேட்டால், நீங்கள் விட்டுச்செல்லும் சிங்கங்கள் என்ன விடை சொல்லும்?

அப்படி ஒருவர் கேட்கும் காலம் வரத்தான் போகிறது. நெல் விளைந்த வயலில் தென்னையும் வாழையும் வந்து, பிறகு மனைக்கல் வந்து, இப்போது மாடிவீடு வந்திருப்பதை நீங்களே பிறந்தது முதல் பார்த்து வளர்ந்தவர்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற நெற்போகங்களுக்கு உழும்போது ஏருக்குப் பின்னால் வெள்ளைப் போர்வை விரித்தாற்போலக் கொக்குகள் இறங்கும் காட்சியை நான் வீட்டு வாசலிலிருந்தே கண்டிருக்கிறேன். இப்போது டிராக்டருக்குப் பின்னால் அதைக் காணத் தேடிப் போகிறேன். 2022ஆம் ஆண்டு சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூர்க் குளமும் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. உலகத்தின் முக்கியமான நீர்நிலைகளுள் நம் குளங்களுக்கும் ஓர் ஆசனம் கிடைத்தது. கவிமணி பிறந்த ஊரின் குளத்துக்கு இப்படியொரு மரியாதை வந்ததென்று நான் அன்று வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன். ஆனால் அந்தக் குளத்துப் பறவைகளை அந்த ஊர்க்காரர் ஒருவர் கையால் வரைந்த ஒரு சிறு புத்தகமாவது உண்டா என்று தேடிப் பார்த்தேன். என் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

குளத்தோடு நின்றுவிடாதீர்கள். வடக்கே அண்ணாந்து பாருங்கள். அசம்பு மலைத்தொடரின் உச்சிச் சோலைகளில் வாழும் ஒரு சிறு நீலப் பறவையை, தனி இனமென்று அறிவியல் உலகம் 2017இல்தான் பிரித்தறிந்து, அதன் பெயரிலேயே அசம்புவைச் சேர்த்தது. மலைமுகட்டுப் பாறைகளில் நம் மாநில விலங்கான வரையாடு நிற்கிறது. வயது முதிர்ந்த கடாவின் முதுகில் சாம்பல் பூசிய சேணம்போல ஓர் அடையாளம் வரும், அந்தச் சாம்பலும் சுற்றியுள்ள கருமையும் பென்சிலுக்காகவே படைக்கப்பட்டவை போலிருக்கும். தெற்கே போனால் கடல். சுறாவை வரைய ஆசைப்படும் தம்பி எதற்காக ஆஸ்திரேலியாவின் புகைப்படத்தைத் தேட வேண்டும்? ஆழ்கடலில் சுறா பிடிப்பதில் இந்தியா முழுவதும் பேர்பெற்றவர்கள் நம் தூத்தூர்க்காரர்கள். விடியற்காலையில் குளச்சலிலோ சின்னமுட்டத்திலோ போய் நில்லுங்கள். சாளை, அயிலை, வாளை, சூரை, பாரை, திருக்கை, கணவாய் என்று கடலே கரைக்கு வந்து கிடக்கும்.

இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. "பறவை அசையாமல் உட்கார்வதில்லையே, எப்படி வரைவது?" என்று நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். மீன் அசையாது. காலையில் ஐம்பது ரூபாய்க்கு ஒரு பாரையை வாங்கி, ஈரத்துணியின்மேல் கிடத்தி, இரண்டு மணி நேரம் வரைந்து, மத்தியானம் குழம்பு வைத்துவிடலாம். இதைவிடச் சிக்கனமான மாதிரி எந்த ஓவியருக்குக் கிடைக்கும்? மீனின் நிறம் செத்த சில நாழிகையில் மங்கிவிடும். பென்சில்காரருக்கு அதனால் நஷ்டமில்லை. உடலின் நடுவே ஓடும் பக்கக்கோட்டில் எத்தனை செதில், முதுகுத்துடுப்பில் எத்தனை முள் என்று எண்ணித்தான் அறிஞர்கள் ஓரினத்தை மற்றோரினத்திலிருந்து பிரிக்கிறார்கள். மீசைமயிர் எண்ணிப் பழகிய உங்கள் பொறுமைக்கு அங்கே மெய்யான பிரயோஜனம் உண்டு.

மீனில் கை பழகிய பின் மடையானிடம் வாருங்கள். ஊரார் குருட்டுக்கொக்கு என்பார்கள். வாய்க்கால் ஓரத்தில் கால்மணி நேரம் கல்லாய் நிற்கும். மண்ணும் புல்லும் கலந்த நிறத்தில் கோடு கோடாக இருக்கும். பறந்த மறுகணம் முழு வெள்ளையாகிவிடும். அந்த வெள்ளை அதுவரை எங்கே ஒளிந்திருந்தது என்பதை வரைந்து காட்டுவதற்கு, இறகு மடியும் விதத்தை நீங்கள் கண்டுபிடித்தாக வேண்டும். எந்த ஒற்றைப் புகைப்படமும் அதைச் சொல்லித்தராது. அப்புறம் அசையும் பறவை. ஒரே தாளில் இருபது அரைகுறை உருவங்களைப் போடுங்கள். கழுத்து ஒன்றில், வால் ஒன்றில், கால் ஒன்றில். எந்தப் பறவையும் தன் வழக்கமான நிலைகளுக்கே மீண்டும் மீண்டும் திரும்பிவரும். பத்தாவது தடவை அது குனியும்போது, அதற்கு முன்பே உங்கள் கை குனிந்திருக்கும்.

"சிங்கத்தை வாங்க ஆள் உண்டு, நாமக்கோழியை யார் வாங்குவார்?" என்ற கேள்வி இதைவிடக் கடினமானது, அதை நான் எளிதாகத் தாண்டிப்போக விரும்பவில்லை. உங்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்து இரவில் வரைகிறவர்கள் என்பதும், கல்யாண வீட்டுக்குப் பரிசாகப் போகும் ஜோடிப் படங்களிலும் வரவேற்பறைச் சிங்கங்களிலும் வரும் பணத்தில்தான் அடுத்த பென்சில் வாங்குகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். சிங்கத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் யார்? ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு குளத்தங்கரையில் உலாவுகிறவன் பிறர் வருமானத்தைப் பற்றி உபதேசம் செய்வது அழகில்லை. வீட்டுச் சுவரில் சிங்கம் இருந்தால் கம்பீரம், கொக்கு இருந்தால் தரித்திரம் என்று எண்ணுகிற நம் ஊர்ப் பணக்காரர்களுக்கு எழுத வேண்டிய மடல் வேறு. அதையும் ஒருநாள் எழுதுவேன். உங்களிடம் நான் கேட்பது விற்பனைக்கு வெளியே உள்ள நேரத்தில் ஒரு பங்கு.

என் வேண்டுகோள் இதுதான். வருகிற ஐப்பசியில் தொடங்கி அடுத்த ஐப்பசி வரை, ஓர் ஆண்டு, உங்கள் வீட்டிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய தூரத்திலுள்ள ஒரு நீர்நிலையையோ, தோப்பையோ, கடற்கரையையோ தேர்ந்துகொண்டு, வாரத்தில் ஒரு காலை அங்கே போங்கள். ஒரே ஒரு பிராணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓணானாக இருந்தாலும் சரி, நண்டாக இருந்தாலும் சரி. உங்கள் கண் கண்டதை மட்டுமே வரையுங்கள். காணாத பாகத்தைத் தாளில் வெறுமையாக விட்டுவிடுங்கள், அந்த வெறுமையை நிரப்பக் கைப்பேசியை எடுக்காதீர்கள். ஓரத்தில் தேதி, நேரம், இடம், காற்று, மழை, அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதைத் தமிழில், உங்கள் வீட்டில் அதற்கு வழங்கும் பெயரோடு எழுதுங்கள். கூட்டின் அருகே போகாதீர்கள்; முட்டையிடும் காலத்தில் ஒரு பறவையை எழுப்பிவிட்டு எடுக்கும் படம் பாவம். 2008 முதல் நம் மலைக்காடுகளில் பெரும்பகுதி சரணாலயம். வனத்துறையின் அனுமதியில்லாமல் உள்ளே நுழையாதீர்கள், யானை உங்கள் கலைத்திறமையை அறியாது.

ஆண்டு முடிந்ததும், சட்டமிட்ட படங்களை அல்ல, அந்த நோட்டுப் புத்தகங்களை அப்படியே, அழுக்கும் மழைத்துளியும் பட்ட தாள்களோடு, ஓரிடத்தில் கொண்டுவந்து வையுங்கள். அதற்கு மண்டபம் பிடித்துக்கொடுக்கும் செலவு என்னுடையது. பரிசு கிடையாது, நடுவர்களும் கிடையாது. என் அனுபவத்துக்குப் பிறகு நடுவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பள்ளிப் பிள்ளைகளை வரவழைத்து, புரட்டிப் பார்க்கச் சொல்வோம். அவர்களில் குளத்தங்கரைப் பிள்ளை எவராவது, "இது தப்பு, இந்தப் பறவைக்குக் கால் இப்படி இருக்காது" என்று சொன்னால், அந்தத் தாளின் ஓரத்திலேயே அதையும் எழுதிவைப்போம்.

தங்கையே, எட்டாம் வகுப்பில் கோடு போட்ட தாளில் நாமக்கோழியை வரைந்தவளே, உனக்கு இப்போது குழந்தைகள்கூட இருக்கலாம். இந்த மடல் உன் கண்ணில் பட்டால், செவ்வாய், வெள்ளி தவிர மற்ற நாட்களில் காலை ஆறரை மணிக்கு நான் தேரூர்க் குளத்தின் கரையில், மடைக்குப் பக்கத்தில் இருப்பேன். தாளும் 2பி பென்சிலும் கொண்டுவருகிறேன். அந்தப் பறவையின் காலை எனக்கு இன்னும் சரியாக வரைய வரவில்லை. மடல் மடியும் இடத்தில் தப்பிப்போகிறது.